கலை எப்போது போகும்?

மேசைமேல் கிடந்த போனை எடுக்கும்போது கவின்ராஜின் விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“சார், கலெ ஹேகிதே? பயபடபேடி, மதுவெகெ முஞ்செ ஹோகுத்தே.”

சரஸ்வதிபுரம் லேசர் கிளினிக்கின் மனிஷாதான். கன்னடத்தில் கலெ என்றால் தழும்பு. தழும்பு எப்படி இருக்கிறது, பயப்படாதீர்கள், கல்யாணத்துக்கு முன்னால் போய்விடும் என்றாள், அவ்வளவுதான். எதிரே செட் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த மீனாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

அடுத்த மாதம் மாதேஸ்வரன் மலையில் அவர்களுக்குக் கல்யாணம். மீனா மேட்டூர்க்காரி. மைசூருக்கு வேலைக்கு வந்து மூன்றே மாதம். அதற்குள் கன்னடம் எங்கே வந்துவிடப் போகிறது? கலை என்று ஒருத்தி இருக்கிறாள், கல்யாணத்துக்குள் விலகிப் போகப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பாள்.

உண்மையைச் சொல்லித் தொலைக்கலாம். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அம்மா சாமியாத்தாள், “எம்பட பையன் ஒடம்புல ஊசிகூட ஏறுனதில்லீங்க” என்று அடித்துவிட்டிருந்தாள். குடல்வால் ஆபரேஷன் தழும்போ வயிற்றில் பூரான் மாதிரி படுத்திருந்தது. மூன்று தடவை லேசர் வைத்ததில் கொஞ்சம் மங்கியிருந்தது. சமயம் பார்த்து இப்போது அரித்தது. சொறியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கவின்ராஜ் நாற்காலியில் நெளிந்தான். தழும்பைக் காட்டிக்கொடுப்பதைவிட, கலை என்று ஒருத்தி இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தான்.

“எத்தன நாளாத் தெரியுமுங்க?” என்றாள் மீனா.

“ரெண்டு மாசமா. பெருசா ஒண்ணுமில்ல.”

“நேர்ல பாத்தீங்களா?”

“சத்தியமா இல்ல. எல்லாம் போன்லதான்.”

“போன்லயா?” மீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கல்யாணத்துக்குள்ள போயிரும்னுதான் நம்பீட்டு இருந்தனுங்க.”

அப்படியானால் முன்பே இவள் காதில் எவனோ ஓதியிருக்கிறான். “போயிரும். நான் பாத்துக்கறேன்” என்று கவின்ராஜ் வாக்குக் கொடுத்தான். இல்லாத ஒருத்தியை விரட்டுவதற்கு வாக்குக் கொடுத்த முதல் மாப்பிள்ளை அவனாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் மீனா போனை எடுக்கவில்லை. கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அவனுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, சொறியவும் முடியவில்லை.

“கலையெ நீயே உண்டு பண்ணு. தங்கச்சின்னு பேச வை” என்று ஆபீஸ் நண்பன் பசவராஜ் யோசனை சொன்னான். கெட்ட நேரத்தில் நல்ல யோசனையாகத் தெரிந்தது. பக்கத்து சீட் சௌம்யாவுக்குத் தமிழ் வரும். அவளே மீனாவைக் கூப்பிட்டாள்.

“நான்தான் கலை. கவின்ராஜ் எனக்கு அண்ணன் மாதிரி...”

அரை நிமிஷத்தில் போனைக் கீழே வைத்தாள்.

“என்ன சொன்னா?”

“‘இது வேற கலையா?’ன்னு கேட்டு வெச்சுட்டா. உங்களுக்கு எத்தனெ பேரு சார் இருக்காங்க?”

இனி பொய் தாங்காது. அன்று மாலையே மீனாவின் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றான். ஒரே ஒரு இடத்துக்கு வா, எல்லாம் விளங்கிவிடும் என்று மன்றாடி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான்.

கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தினால் அவள் இறங்கவில்லை.

“இங்க வேண்டாமுங்க. என்னைப் புடிக்கலீன்னா வீட்ல சொல்லிருங்க. இந்த எடத்துல கொண்டாந்து மானத்த வாங்காதீங்க.”

கலை உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறாள், பாவம். இவளை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் கவின்ராஜுக்கே தெரிந்தது. கெஞ்சிக் கூத்தாடி கவுன்டர்வரை அழைத்துப் போனான்.

“மனிஷா, கலென்னா என்னன்னு இவங்களுக்குத் தமிழ்ல கொஞ்சம் சொல்லுங்க.”

மனிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவங்களுக்கா? ரெண்டு மாசமா வர்றாங்களே சார். மீனா மேடம், உங்க கலெக்கு லேசர் சிட்டிங் நாளைக்குத்தானே?”