கொதிக்கும் குளம்

குளத்துத் தண்ணீர் பதினேழு டிகிரி என்றது போன். குளத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது.

துஷாந்த் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களா அது. பதுளையில் கடை வைத்திருக்கும் ராமாமிர்தம் அதை விடுதியாக்கி, சின்னதாய் ஒரு நீச்சல்குளமும் கட்டியிருந்தார். குளத்தில் சென்சர் போட்டு, ஹீட்டரைச் சமையலறை வைஃபை பிளக்கில் மாட்டி, இரண்டையும் இணைக்கும் டெம்ப்ளேட்டைப் போனில் எழுதியவன் துஷாந்த். தண்ணீர் முப்பதுக்குக் கீழே இறங்கினால் பிளக் தானாக வேலை செய்யும். மேலே ஏறினால் நிற்கும். இன்று சரியாக நடந்தால் முதலாளியின் மற்ற பங்களாக்களும் அவனுக்கே. இல்லையென்றால் மறுபடியும் போன் கடையில் கண்ணாடி ஒட்ட வேண்டியதுதான்.

"என்னடா இது, இட்லிச் சட்டி மாதிரி பொகையுது?"

முதலாளியின் குரல் மட்டும் வந்தது. ஆளைக் காணவில்லை.

"சென்சர் பொய் சொல்லுதுங்க. தண்ணி கொதிக்குது."

சென்சர் சொல்வதோடு இருபதைக் கூட்டும்படி டெம்ப்ளேட்டை மாற்றினான். பதினேழு, முப்பத்தேழானது. பிளக் நின்றது. ஆவி நிற்கவில்லை.

"கைய விட்டுப் பாத்தியா?"

"ஐயோ, நீங்க விட்டுராதீங்க! தோலு உரிஞ்சிரும்!"

மலையிலிருந்து குழாய்வழி வரும் குளிர்ந்த பீலித் தண்ணீரைக் குளத்துக்குள் திருப்பிவிட்டான். வெண்மை இன்னும் தடித்தது. தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பங்களா, கூரை மட்டுமாக மிதந்தது. எங்கோ கீழே ஒரு வேன், தூக்கத்தில் யாரோ கூப்பிடுவதுபோல் ஹாரன் அடித்தது.

வெண்மைக்குள்ளிருந்து ஊன்றுகோலும் துவாயுமாக ஒரு பெண் வந்தார். ஷஹீலா டீச்சர். முழங்காலில் ஆபரேஷன் செய்தவர்; சுடுதண்ணீர்க் குளம் என்று கேள்விப்பட்டே அறை எடுத்திருந்தார்.

"மாஷா அல்லாஹ்! மேகத்துல குளிக்கிற மாதிரி இரிக்கே."

"டீச்சர், எறங்காதீங்க! வெந்துருவீங்க!"

"இந்தக் காலுக்கு எவ்வளவு சூடும் நல்லம் மகன்."

அவன் ஓடினான். எதன்மேலோ மோதி விழுந்தான். அது முதலாளி.

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு அலறல். மலையில் பட்டு அது இன்னொருமுறை கேட்டது.

துஷாந்த் கண்களை மூடிக்கொண்டான். பங்களாக்கள் போகட்டும், இனி ஜெயில்தான்.

சமையல்காரி விஜயலெட்சுமியின் குரல் மிதந்து வந்தது.

"ஏன் தம்பி, அந்தப் பிளக்க ஏன் நிப்பாட்டுனீங்க? நேத்தே ஹீட்டர் வயர உருவிட்டு ரைஸ் குக்கர மாட்டிட்டேன். இந்தப் பனிமூட்டத்துல வந்தவங்களுக்குச் சூடா சோறு வேகவேணாமா?"