பூட்டி வைத்த சிவப்புக் கார்

மகள் ஊரிலிருந்து வருவதற்குள் அந்தச் சிவப்புக் காரைத் தன் கையாலேயே புதுசாக்கிவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தீர்மானம் செய்தார். மூன்று வாரம் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்த கை அது. ஒரு பொம்மைக் காரின் புத்தியைச் சரிசெய்ய முடியாதா என்ன.

தீர்மானம் சும்மா வரவில்லை. முந்தின சனிக்கிழமை கடைக்கு ஒரு சின்னப் பெண் கண்ணாடி போட வந்தாள். மடியில் ஒரு ரிமோட் கார். "முதல்ல அதக் கீழ வை" என்று அவள் அப்பா அதட்டினார். அவள் வைக்கவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். கடைக்காரருக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அவர் மகளுக்குப் பதினொரு வயதில் கணக்கில் மார்க் குறைந்தது. அவர் சிவப்புக் காரைப் பிடுங்கி, டப்பாவில் போட்டு, கயிறு கட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். "பரீட்சை முடியட்டும், தரேன்" என்றார். அந்தப் பரீட்சை முடிந்தது. அடுத்தது வந்தது. உலகத்தில் பரீட்சைக்கா பஞ்சம். மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்கே போய்விட்டாள். பதினெட்டு வருஷம் ஆகியும் டப்பா இறங்கவில்லை. அவளும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றியது. ஒரு தடவை அழுதிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். ஒன்றுமே கேட்காத பிள்ளையிடம் மன்னிப்பு எப்படிக் கேட்பது?

காரைத் திருப்பிக் கொடுப்பது, கொடுக்கும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவது. இதுதான் திட்டம். ஆனால் வெறும் காராகக் கொடுத்தால் பதினெட்டு வருஷத்துக்கு வட்டி எங்கே?

அதே குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்த டிவி மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் காரைத் திறந்து பார்த்தார்.

"சார், இந்த மாடலுக்கு மூணே பதில்தான் தெரியும். முழு இடது, முழு வலது, நேர். கொஞ்சமா வளைன்னா புரியாது."

"அதத்தான் மாத்தணும்."

"பழைய போர்டத் தூக்கிடுவோம். ஸ்டியரிங்குக்கு ஒரு குட்டி சர்வோ மோட்டார். நீங்க ரிமோட்ல சக்கரத்த எவ்வளவு திருப்புறீங்களோ, டயரும் அவ்வளவுதான் திரும்பும். ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் புதுசு."

"ஆனா ஒண்ணு. என் வீட்டுல தெரியக்கூடாது."

மெக்கானிக் வாயைத் திறந்து மூடினார். "உங்க வீட்டுலயா சார்?"

"ஏன், என் வீட்டுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, மேஜைமேலேயே இருந்த சாலிடர் கம்பியை மேஜைக்கு அடியில் தேடப் போய்விட்டார்.

மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. தெரிந்தால் "இப்பவா நினைப்பு வந்துச்சு?" என்று கேட்பாள். அதனால் கடை வேலை மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, படுக்கையறை மேஜையில் துணி விரித்து, மூக்குக்கண்ணாடி திருகும் குட்டித் திருப்புளிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். காலை ஜபம் முடித்து மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க இது?"

"கண்ணாடி ரிப்பேர்."

அவள் குனிந்து பார்த்தாள். "யாருக்குங்க, நாலு சக்கரம் வச்ச கண்ணாடி?"

"புது டிசைன். உனக்குப் புரியாது."

"சரிங்க" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள். அத்தோடு விட்டாளே என்று அவருக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. முப்பத்திரண்டு வருஷக் குடும்பத்தில் அவள் எதையும் அத்தோடு விட்டதில்லை என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கார் உயிர்பெற்றது. ஆனால் இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போனது. சர்வோவைக் கழற்றிப் புரட்டி வைத்தார். உட்காரவில்லை. கம்பியை மாற்றிப் பார்த்தார். செத்துப்போனது. பழையபடி மாட்டினார். பழையபடி எதிர்ப்பக்கம் போனது. பெற்ற அப்பனே தப்பாக வளைத்த வண்டி நேராகப் போகுமா என்று கசப்பாக நினைத்துக்கொண்டு, தலைவலி தாங்காமல் முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால் மனைவி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதத் தொடாதே."

"தூசிதாங்க தட்டினேன். துணி பட்டு ரிமோட்ல ஏதோ ஒரு சின்ன சுவிட்சு மேல போயிடுச்சு. தப்பா?"

சக்கரத்தைத் திருப்பினார். இடது என்றால் இடது. வலது என்றால் வலது. வெண்ணெய் மாதிரி வழுக்கி வளைந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், தான் செய்த நல்லதுகூடத் தெரியாத அப்பாவி என்று இரக்கப்பட்டார்.

மகள் வந்தாள். வந்த அன்று சாயங்காலம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். மூன்று வாரமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த பேச்சு, பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது.

"பாப்பா, அன்னிக்கு உன்கிட்ட இருந்து பிடுங்கினேன். மார்க்குதான் பெரிசுன்னு நினைச்சேன். உன் விளையாட்டெல்லாம் போச்சு. என்ன மன்னிச்சுடும்மா."

மகள் டப்பாவைத் திறந்தாள். காரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சொல்லிடலாமா?"

"சொல்லித் தொலை. இவ்வளவு தூரம் வந்தப்புறம் என்ன."

மகள் தன் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். இன்னொரு சிவப்புக் கார். வெயில் தின்ற நிறம், முன்பக்கம் உடைந்து ஒட்டியது, டயரெல்லாம் தேய்ந்து மொழுமொழு.

"இதாம்ப்பா என் கார்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கார் இரண்டாகவே இருந்தது.

"அப்ப டப்பாவுல இருந்தது?"

"நீங்க பூட்டின மறுநாளே அதே மாதிரி ஒண்ணு வாங்கி உள்ள வச்சேங்க" என்றாள் மனைவி. "குழந்த முகத்தப் பாக்க முடியல."

"பீரோ சாவி என்கிட்டதானே இருந்துச்சு?"

"ஒரு சாவி உங்ககிட்ட இருந்துச்சு."

"அப்ப கணக்குல மார்க் ஏறினது?"

"பத்து மார்க் ஏறினா பத்து நிமிஷம் கூட ஓட்டலாம்னு சொன்னேன். ஏறிடுச்சு."

காரைப் பூட்டியதால்தான் பிள்ளை தேறினாள் என்று எத்தனை கல்யாணப் பந்தியில் எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறார். ஒவ்வொரு பந்தியும் கண்முன்னால் வந்து போனது.

"ஹாஸ்டல்ல வச்சு நான் சர்வோ மாத்தினேம்ப்பா" என்றாள் மகள். "இப்ப மூணாவது சர்வோ. ஆபீஸ்ல ஸ்டியரிங் டிசைனுக்கு ஆள் எடுத்தப்போ இதத்தான் கொண்டுபோய்க் காட்டினேன்."

"நடுவுல கெட்டுப்போனா?"

"மூணாம் மாடிலதான் குடுப்போம்."

"தினமும் ஓட்டுவீங்களா?"

"நாலு மணிக்கு ஸ்கூல்விட்டு வருவா" என்றாள் மனைவி. "நாற்காலியெல்லாம் ஓரம் தள்ளிடுவோம். நீங்க எட்டு மணிக்கு வரதுக்குள்ள பழையபடி போட்டுடுவோம்."

நாலு மணி. அந்த நேரம் அவர் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பார். எட்டு மணிக்கு வந்தால் வீடு அமைதியாக இருக்கும். மகள் புத்தகத்தோடு இருப்பாள். 'எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் பார்' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு சாப்பிட உட்காருவார். மகளுக்குத் தண்டனை கொடுத்ததாக நினைத்து நொந்துகொண்டிருந்தாரே, அவள் ஒரு நாளும் தண்டனை அனுபவிக்கவில்லை. இந்த வீட்டில் விளையாட்டை இழந்த ஆள் ஒருவர்தான். அந்த ஆளுக்கு அது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ரெண்டையும் பூட்டியிருப்பீங்க" என்றாள் மனைவி. கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

மகள் அவர் செய்த காரைப் புரட்டிப் பார்த்தாள். "சர்வோவ நல்லா அழகா உட்கார வச்சிருக்கீங்கப்பா. சாலிடரும் சுத்தமா இருக்கு." வளர்ந்த மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் மார்க் மாதிரி இருந்தது.

"வாங்க, ஓட்டலாம்" என்று அவள் எழுந்ததும், அம்மாவும் எழுந்து நாற்காலிகளை ஓரம் தள்ளினாள். பார்த்துப் பார்த்து இல்லை, பழகின கையாகத் தள்ளினாள். தள்ளி முடித்து, அவர் கையிலிருந்த புது ரிமோட்டை இதமாக வாங்கி, சக்கரத்தை ஒரு விரலால் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தாள்.

"கைக்குப் படியுதுங்க. நல்லா செஞ்சிருக்கீங்க. ஒரே ஒரு ரவுண்டு."

இரண்டு சிவப்புக் கார்களும் சீறிக் கிளம்பின. அவர் வெறுங்கையோடு கூடத்தின் நடுவில் நின்றார்.

"அப்ப நானு?"

"நீங்க சோபா முனையில போய் நில்லுங்கப்பா. அந்த வளைவுலதான் வண்டி கவிழும். கவிழ்ந்தா எடுத்து நிமித்தி விடணும்."

மனைவி காரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "சீக்கிரம் போங்க. இத்தன வருஷமா அந்த ஒரு வேலைக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."