இரண்டு கலன் பெற்றோலில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

பெற்றோல் விலை ஏறும் காலத்தில் மனிதனுக்கு இரண்டு வியாதி வரும். ஒன்று உலக ஞானம், மற்றது கெட்டிக்காரத்தனம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் முதலாவது எங்கள் மாமாவைப் பிடித்தது. இரண்டாவது என்னைப் பிடித்தது. மாமாவின் வியாதியால் எங்களுக்குக் காது வலித்ததோடு சரி. என்னுடைய வியாதியால் அக்காவின் கலியாணமே குழம்பப் பார்த்தது.

மாமா மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்து, பென்சனோடு யாழ்ப்பாணத்து இணுவிலுக்குத் திரும்பியவர். (பென்சன் மாமா என்றால் ஊரில் நாய்க்கும் தெரியும்.) வந்து கொஞ்சக் காலத்தில் ஒரு பழைய காரும் வாங்கினார். யுத்தம் தொடங்கி, பெற்றோல் விலை மாசத்துக்கு மாசம் ஏறி, பிறகு கூப்பன் இருந்தால்தான் அதுவும் என்று ஆனபோது, காரைக் கொட்டிலில் விட்டுச் சாக்கால் மூடிவிட்டார். கார் ஓடாத குறையை அவருடைய வாய் தீர்த்தது. பினாங்கில் பெற்றோல் என்ன விலை, சிங்கப்பூரில் என்ன விலை என்று தினமும் சொல்லுவார். இங்கிலாந்தில் டொக்டர்மாருக்கே அளந்துதான் ஊற்றுகிறார்களாம். பிரான்சில் காருக்குப் பின்னால் கரி அடுப்பைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறார்களாம். எங்கேயோ ஒரு தேசத்துச் சாரதி கஷ்டப்படுகிறான் என்று பத்திரிகையில் வந்துவிட்டால் மாமாவின் முகம் மலர்ந்துவிடும். அங்கே எங்களிலும் மோசம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுவார். அங்கே மோசமானால் இங்கே எப்படி மலியும் என்பது மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

நான் அப்போது பட்டினத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வயது இருபத்திரண்டு. மாமாவின் காரில்தான் ஓட்டப் பழகினேன். லைசென்ஸ் எடுத்து இரண்டு மாசம்தான். அந்த இரண்டு மாசமும் பெற்றோல் இல்லாததால், கொட்டிலில் நிற்கும் காரில் ஏறி உட்கார்ந்து ஸ்ரியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். (ஹோர்ணும் அடித்துப் பார்ப்பேன். அதற்குப் பெற்றோல் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்படித்தான் பற்றரி செத்தது.)

அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து குழம்பியிருந்தது. ஒன்று சாதகத்தில் குழம்பியது, மற்றது சீதனத்தில். ஊர் வாய் சும்மா இருக்குமா? கிணற்றடியில் அக்காவைக் கண்டால் பெண்டுகள் குரலைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். மூன்றாவதாகச் சாவகச்சேரிப் பக்கத்து வாத்தியார் ஒருவர் பொருந்தினார். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில். அது தப்பினால் இனி வைகாசியில்தான் நாள் என்று சாத்திரியார் கையை விரித்துவிட்டார். வைகாசி வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்களா என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்தப் பயம் மட்டும் எல்லார் முகத்திலும் இருந்தது.

எங்கள் தகப்பனார், ஐயா, யோசித்துத்தான் சொன்னார். மாப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் முதல் நாளே மாட்டு வண்டியில் வந்து, இணுவிலில் ஒரு சொந்தக்கார வீட்டில் தங்கட்டும், வில்லங்கம் இல்லை என்றார். நான் விடவில்லை. ஆட்கள் வண்டியில் வரட்டும், மாப்பிள்ளை காரில்தான் வரவேண்டும், எங்கள் மதிப்பு என்னாவது என்று குதித்தேன். பெண்ணின் சகோதரன்தான் தோழனாகப் போய் மாப்பிள்ளையை அழைத்து வருவது எங்கள் முறை. அந்தத் தோழன் காரும் ஓட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று கனவு கண்டது வேறு கதை. மாமா தன்னிடமிருந்த கூப்பன் முழுவதையும் கொடுத்தார். இரண்டு கலன், அதாவது பன்னிரண்டு போத்தல், கிடைத்தது. போய் வர ஒன்றரைக் கலன் போதும். அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, வண்டிலே போதுமடா" என்றாள். பெண்களுக்கு எஞ்சின் விஷயம் விளங்காது என்று அவளுக்கு நான் விளக்கம் கொடுத்தேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் தைக்க வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு கலனையும் மிச்சம் பிடிக்க வழி தேடினேன். இங்கிலாந்துச் சாரதிமார் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருளுவார்களாம் என்று மாமா சொன்னார். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? எங்களுக்கு மேடு என்றால் தோட்டத்து வரம்பு, பள்ளம் என்றால் கிணறு. அடுத்ததாக, காரின் பாரத்தைக் குறைத்தால் எண்ணெய் குறையும் என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் வாசித்தேன். உடனே மேலதிகச் சில்லைக் கழற்றினேன். ஸ்பனர், சுத்தியல் கிடந்த ஆயுதப் பெட்டியை இறக்கினேன். பற்றரி செத்த பிறகு முன்னால் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் ஹாண்டில் ஒன்றுதான் கதி. அதுவும் நல்ல கனமான இரும்பு. வீட்டில் ஒரு தரம் சுற்றிக் கிளப்பிவிட்டால் திரும்பி வரும் வரைக்கும் அது எதற்கு? அதையும் எடுத்துக் கொட்டிலில் சாத்திவைத்தேன்.

இப்படி ஒரு அந்தர் (நூற்றுப் பன்னிரண்டு றாத்தல்) பாரத்தைக் குறைத்த காரில், விடிந்ததும் பொன்னம்மா மாமி வந்து ஏறினார். மாமாவின் மனைவி, ஐயாவின் தமக்கை. அவர் ஏறியதும் காரின் பின்பக்கம் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. (மாமியின் எடையை இங்கே எழுதினால் இப்போதும் யாராவது சண்டைக்கு வருவார்கள்.) மடியில் பலகாரப் பெட்டி, காலடியில் வாழைக்குலை. முன்னால் தொப்பியோடு மாமா.

மாமி வந்தது முழுவியளம் பார்க்க. புறப்படும்போது முன்னால் எது எதிர்ப்படுகிறதோ அதுதான் காரியத்தின் பலன். அதில் மாமி சொன்னால் ஊரில் அப்பீல் கிடையாது. எங்கள் ஒழுங்கை முடக்கில், பெரிய றோட்டுக்குத் திரும்புகிற இடத்தில், எண்ணெய்க் குடத்தோடு ஒருவன் எதிரே வந்தான். "திருப்பு" என்றார் மாமி. திருப்பினேன். எல்லாரும் வீட்டில் இறங்கி, இருந்து, தண்ணீர் குடித்து, திரும்ப ஏறினோம். இரண்டாம் முறை பூனை. மூன்றாம் முறை விறகுக் கட்டு. நாலாம் முறை றோட்டு துப்பரவாக இருந்தது, நானே தும்மிவிட்டேன். நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஓடவே விட்டேன். எரியிற எண்ணெய்க்கு ஒரு கணக்கு வேண்டாமோ என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

மாமி ஆறுதலாகச் சொன்னார்: "பெற்றோல் எரிஞ்சா வாங்கலாம் மோனை. அவளின்ரை வாழ்க்கை எரிஞ்சா ஆர் வாங்கித் தாறது?"

பெற்றோலையும் வாங்க ஏலாது என்று மாமா முணுமுணுத்தார். ஐந்தாம் முறை நிறைகுடத்தோடு ஒரு பெட்டை வந்தாள். மாமி திருப்திப்பட்டார். நாங்கள் இணுவிலை விட்டுப் புறப்பட்டோம்.

மாப்பிள்ளை வீட்டில்தான் என் கெட்டிக்காரத்தனம் பல்லை இளித்தது. ஹாண்டில் இணுவிலில். எஞ்சினை நிறுத்தினால் திரும்பக் கிளப்ப முடியாது. எனவே உள்ளே மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைத்து, பெரியவர்கள் ஒவ்வொருவராக ஆசீர்வதித்து முடிக்கும் வரைக்கும் வாசலில் கார் உறுமிக்கொண்டே நின்றது. தோழன் உள்ளே நிற்க வேண்டியவன். நானோ ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வியர்த்தேன். பிறகு அங்கேயும் மாமி இரண்டு தரம் திருப்பினார். இரண்டாவதுக்குக் காரணம் ஒற்றைக் காகம். காகம் எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மாமி என்னைப் பார்த்தார். திருப்பினேன்.

கைதடிப் பக்கத்து வெளி ஒன்றில் கார் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் இருமவில்லை. இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம் வயல், இடது பக்கம் சுடலை. எண்ணெய்க் குடம், பூனை, விறகு, காகம் எல்லாவற்றுக்கும் தப்பிக் கொண்டுவந்த மாப்பிள்ளையை நேரே சுடலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். ஒரு மூலையில் இலேசாகப் புகையும் போய்க்கொண்டிருந்தது. மாமி கண்ணை மூடி முருகா என்றார்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பினாங்கிலை எண்டால் அரை மைலுக்கு ஒரு பெற்றோல் கடை" என்றார்.

"மாமா, இது பினாங்கு இல்லை. சுடலை" என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் மாமாவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

மாப்பிள்ளை ஜரிகைத் தலைப்பாகையோடு காருக்குள்ளேயே இருந்தார். மணி ஒன்பது. அந்த நேரத்தில் அக்கா தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல், வாசலில் ஹோர்ண் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். மூன்றாவது சம்பந்தமும் போனால், அதைக் குழப்பியது சாதகமும் இல்லை, சீதனமும் இல்லை, நான். றோட்டுக் கரையில் குந்தி உண்மையாகவே அழுதேன். தோழனுக்குக் கட்டிய பட்டுச் சால்வையில்தான் மூக்கைத் துடைத்தேன்.

அப்போதுதான் லொறி வந்தது. கண்ணுக்குத் தெரிய முதல் மூக்குக்குத் தெரிந்தது. குருநகர் மரியாம்பிள்ளை என்பவர், தென்மராட்சிக் கரையில் மீன் வாங்கிப் பட்டினத்துச் சந்தைக்குக் கொண்டு போகிறவர். மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவரைச் சுடலையடியில் கண்டதும் நிறுத்தி இறங்கினார். நடந்ததைச் சொன்னேன்.

"கொஞ்சம் எண்ணெய் தரலாம். ஹாண்டில் எங்கை தம்பி?" என்று கேட்டார்.

"வீட்டிலை."

"ஏன்?"

"காரிலை பாரம் குறைக்க."

மரியாம்பிள்ளை குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். வாழைக்குலையைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். நல்ல மனிதர். பேசாமல் போய் லொறியிலிருந்து ஒரு வடக்கயிறு எடுத்துவந்தார். தள்ளிக் கிளப்பப் பார்த்து நேரம் போக்க வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போய் இணுவிலிலேயே விடுகிறேன் என்றார். அவருடைய மீன் வெயிலில் கெட்டுப்போகுமே என்றேன். அவர் கயிற்றை முடிந்துகொண்டே, "மீன் நாளைக்கும் பிடிபடும். அந்தப் பிள்ளைக்கு நேரம் இண்டைக்குத்தானே" என்றார்.

இனி மாமி இருக்கிறாரே! சைவக் கலியாணம், சுடலையடி, மீன் லொறி. ஒற்றைக் காகத்துக்குத் திருப்பியவர் இதற்கு என்ன செய்யப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். மாமி இறங்கினார். லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூடையைத் திறக்கச் சொல்லி மீனைப் பார்த்தார்.

"பச்சை மீன் நல்ல முழுவியளம்" என்றார். "ஆனால் மாப்பிள்ளை செத்த மாடு மாதிரி இழுபட்டு வரக்கூடாது. அவர் லொறியிலை முன்னுக்கு ஏறட்டும்."

அப்படித்தான் ஊர்வலம் போனது. முன்னால் மீன் லொறி, அதில் மரியாம்பிள்ளைக்குப் பக்கத்தில் என் அத்தானாகப் போகிறவர். பின்னால் கயிற்றில் கார், நான் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி. எஞ்சின் செத்த காரில் ஸ்ரியரிங் பிடிக்க எனக்கு நல்ல பழக்கம். நல்லூர்ப் பக்கம் போகும்போது கடைக்காரர் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாமல் கார் ஓட்டுவது மலாயாவில்கூட நடக்கவில்லை என்று மாமா பெருமைப்பட்டார்.

பந்தலடிக்கு வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. லொறியைக் கண்ட மேளகாரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆலாத்தித் தட்டோடு வந்த இரண்டு பெண்களும், மாப்பிள்ளை காரில்தான் இருப்பார் என்று நேரே காருக்கு வந்து சுற்றினார்கள். மாமா தொப்பியைக் கழற்றி அதை ஏற்றுக்கொண்டார். பிறகு கண்டுபிடித்து லொறிக்கு ஓடினார்கள். தோழன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும், அதற்கு மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போடுவார். செம்பும் தண்ணீருமாகக் குனிந்தேன். அத்தானின் இரண்டு காலிலும் மீன் செதில். நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். அவர் மெதுவாகக் குனிந்து, மோதிரம் பத்தாது, இன்னொன்று செய்விக்கிறேன் என்றார். அன்று காலை முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

பத்தே காலுக்குத் தாலி ஏறியது. அக்கா நிமிர்ந்து முதலில் பார்த்தது அத்தானை இல்லை, என்னை. அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஐயா மரியாம்பிள்ளையைப் போக விடவில்லை, முதல் வரிசையில் தன் பக்கத்தில் இருத்தினார். மீன் என்னவானது என்று கேட்பீர்கள். விருந்துக்கு வந்த சைவப் பழங்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கத்தால் லொறியடிக்குப் போய், அடுத்த நாள் கறிக்கென்று வாழையிலையில் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கூடைகூட மிஞ்சவில்லை.

அக்காவும் அத்தானும் குறைவில்லாமல் வாழ்ந்தார்கள். அதனால் வந்ததுதான் வினை. அந்தச் சீர்சிறப்புக்குக் காரணம் பொருத்தமும் இல்லை, குணமும் இல்லை, மீன் லொறிதான் என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணக் காரும் மீன் லொறி எதிர்ப்படாமல் புறப்படக்கூடாது. என் கலியாணத்துக்குத் தலைப்பாகையோடு முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். மாமியும் மாமாவும் போய்ச் சேர்ந்த பிறகாவது இது ஒழியும் என்று நினைத்தேன்.

சென்ற ஆவணியில் அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். ஒழுங்கை முடக்கில் மூன்று வாடகைக் கார்கள், மூன்றிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லொறியைக் காணவில்லை. அந்த மாசம்தான் பெற்றோல் விலை திரும்பவும் ஏறியிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. எஞ்சினையாவது நிறுத்துங்கள், பெற்றோல் விற்கிற விலையில் இது என்ன விசர் வேலை என்று வாயைத் திறந்தேன்.

அக்கா முன் காரிலிருந்து தலையை நீட்டினாள். "தம்பி" என்றாள், "பெற்றோலைப் பற்றி ஆரும் கதைக்கலாம். நீ கதையாதை."

மூன்று காரிலும் சிரிப்பு. சாரதிமாரும் சேர்ந்து சிரித்தார்கள், அவர்களுக்கும் கதை தெரிந்திருக்கிறது. லொறி வர இருபது நிமிஷம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை.