ஜோரனேல் என்றால் என்ன?

"பேரு சரி. அர்த்தம் இன்னா?" என்று கேட்டபடி பேனா மூடியைத் திறந்தார் பாஸ்டர் ஏசுபாதம்.

ஜெயகரன் மடியிலிருந்த பத்து மாதக் குழந்தை பேனாவை நோக்கிப் பாய்ந்தது.

"ஜோரனேல், ஐயா. ஹீப்ரூ பேரு."

"அது எழுதிக்கினேன். அர்த்தம்?"

ஜெயகரனுக்குத் தெரியாது. பெயரை வைத்தவள் அவன் மனைவி ஐடா. மாசமாக இருந்தபோது, லேப்டாப்பில் டைப்பிங் வேலைக்கு நடுவே, தலை நிமிராமல் சொன்னாள். "ஹீப்ரூ. நல்ல அர்த்தம். அப்புறம் சொல்றேன்." அப்புறம் குழந்தை வந்தது. அப்புறம் காய்ச்சல் வந்தது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத் தண்ணீர் தெளிக்குமுன் பாஸ்டர் பெயரின் அர்த்தத்தைச் சொல்லி ஐந்து நிமிடம் பேசுவார். அர்த்தம் இல்லாத பெயருக்குத் தண்ணீர் கிடையாது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு தம்பி. இல்லாட்டி உங்க மாமனார் பேர வச்சிடலாம். பர்னபாஸ், ஆறுதலின் மகன். அர்த்தம் ரெடியா கீது."

கூட வந்திருந்த மாமியார் ஞானசுந்தரிக்கு அது போதும். வீடு வருவதற்குள் குழந்தை மூன்று முறை பர்னபாஸ் ஆகிவிட்டது.

"அத்தே, ஐடா வச்ச பேரு ஒண்ணு இருக்கே."

"அர்த்தம் தெரியாத பேர வச்சி இன்னா பண்றது மாப்ள? ஏன் மொகத்த அப்படி தூக்கி வச்சிக்கினு கீறீங்க?"

முகத்தை அவன் தூக்கி வைக்கவில்லை. அவன் முகமே அப்படி; எட்டு மாதமாக இன்னும் இறுகியிருந்தது. ஐடா மகனுக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு பெயர்தான். அதைத் தொலைக்க அவன் தயாரில்லை.

போனில் தேடினான். ஆங்கிலத்தில் ஏழு விதமாக எழுதிப் பார்த்தான். ஒரு சோப்பு வந்தது. ஒரு கால்பந்துக்காரர் வந்தார். அர்த்தம் வரவில்லை.

திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் நின்றபடி, அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பைபிளில் யாரும் படிக்காத இடம் நாளாகமத்துப் பெயர்ப் பட்டியல். பாஸ்டருக்குப் போன் செய்தான்.

"ஐயா, அது நாளாகமத்துல வர்ற ஒரு ஆளு."

புதன்கிழமை சாயங்காலம் பாஸ்டர் சிவந்த கண்களுடன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு நாளாகமமும் படிச்சிட்டேன். இருபத்தெட்டு வருச ஊழியத்துல இப்பத்தான் முழுசா படிக்கிறேன். உன் ஆளு இல்லியே தம்பி!"

"ஆளு இல்லீங்க ஐயா. ஊரு."

"ஊரா? கர்த்தர் எரிச்ச ஊரா, எரிக்காத ஊரா?"

"எரிக்காத ஊருதாங்க."

"அப்படி ரொம்ப ஊரு கெடையாதே." பாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "கவலைய வுடு. எனக்கு ஹீப்ரூ சொல்லிக்குடுத்த வாத்தியாரு பெங்களூர்ல கீறாரு. ஞாயித்துக்கெழமை அவரையே கூட்டிக்கினு வரேன். சபைக்கு முன்னால அவரே சொல்லட்டும்."

ஜெயகரனுக்கு வியர்த்தது. உள்ளேயிருந்து ஞானசுந்தரி குரல் கொடுத்தாள். "கேக்குல பர்னபாஸ்னு எழுதச் சொல்லிட்டேன் மாப்ள!"

சனிக்கிழமை, பாஸ்டர் கேட்ட பிறந்த தேதிக்காகத் தடுப்பூசி அட்டையை எடுத்தான். பின்பக்கம் ஐடாவின் கையெழுத்து. ஜோரனேல். தமிழில்.

அதுவரை தமிழில் தேட அவனுக்குத் தோன்றவே இல்லை. தேடினான். ஒரே ஒரு பக்கம் வந்தது.

'ஜோரனேல். ஆண் குழந்தை. தோற்றம்: ஹீப்ரூ. பொருள்: உம்மணாமூஞ்சியைச் சிரிக்க வைப்பவன்.'

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதைச் சபைக்கேற்ற மொழியில் மாற்றி முழங்கினார். "வாடின முகத்தை நகைக்கப்பண்ணுகிறவன்!" பிறகு கொஞ்சம் பயத்தோடு வாத்தியாரைப் பார்த்தார்.

எண்பது வயது வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். "கரெக்ட். மூலச்சொல் ரொம்பப் பழசு. மோசேக்கும் முந்தி."

சபை 'ஆமென்' என்றது. தண்ணீர் பட்டதும் ஜோரனேல் கையை நீட்டி வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஞானஸ்நானக் கிண்ணத்தில் போட்டான்.

ஜெயகரன் சிரித்துவிட்டான். சத்தமாக. ஞானசுந்தரி குழந்தையை விட்டுவிட்டு மருமகனையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி வுடுங்க, ஜோரனேலே இருக்கட்டும்."

விருந்தில் பர்னபாஸ் கேக்கை எழுத்து எழுத்தாக வெட்டிக் கொடுத்தார்கள். கடைசி எழுத்து ஷோபாவுக்குப் போனது. ஐடா டைப்பிங் வேலை செய்த கம்பெனியில் கூட வேலை பார்த்தவள், பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ஜெயகரன் அவளிடம் போனைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் மட்டும் இல்லேன்னா மாட்டியிருப்பேன்மா. எவ்ளோ படிச்சவங்களோ எழுதியிருக்காங்க."

ஷோபா திரையைப் பார்த்தாள். கேக்கை மெல்வதை மறந்து அவனைப் பார்த்தாள்.

"அண்ணா, இது எங்க கம்பெனி சைட்டு, அப்படி ஒரு பேரே லிஸ்ட்ல கெடையாது, ஐடா அக்காதான் ஒருநாள் அவங்களா சேத்துட்டு, 'எங்க வீட்டு உம்மணாமூஞ்சி என்னிக்காவது தேடும்'னு போன்ல சொல்லி அப்படிச் சிரிச்சாங்க."