ஊறுது டோபியின் சீனியர் கோட்டு

நம் நாட்டுக்குச் சுதந்திரமே சொன்ன தேதியில் வந்து சேர்ந்தது. ஊறுது டோபியிடம் போட்ட துணி மட்டும் ஒருநாளும் சொன்ன தேதியில் வந்ததில்லை. அந்தக் காலத்து மலாக்காவாசிகள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். மறுத்தால், அவர்கள் வீட்டிலேயே துவைத்துக்கொண்டவர்கள் என்று அர்த்தம்.

காஜா பெராங் சாலையில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால் இருந்தது அவருடைய டோபிக் கடை. திங்கட்கிழமை போட்ட துணியை வியாழக்கிழமை கேட்டால் "ஊறுது" என்பார். அடுத்த திங்கட்கிழமை கேட்டாலும் "ஊறுது"தான். ஒரு தடவை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், என் வேட்டி என்ன ஊறுகாயா என்று கேட்டுவிட்டார். அதற்கும் அவர் முகம் மாறாமல் அதே பதிலைச் சொன்னார். அதிலிருந்து அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஊருக்கே இஸ்திரி போட்டுத் தந்த அந்த மனிதரின் சொந்தச் சட்டை மட்டும் எப்போது பார்த்தாலும் கசங்கியே இருக்கும்.

அவருக்கும் யாருடைய பெயரும் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சேங்கொட்டைச் சாற்றில் ஒரு குறி வைத்திருப்பார். துணியின் ஓரத்தில் அந்தக் குறியைப் போட்டால், துணி கிழிந்தாலும் குறி போகாது. மனிதர்களையும் அவர் அந்தக் குறியால்தான் கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்கு ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளி. அதனால் நான் சந்தைக்குப் போனால், நடுத்தெருவில் "ஏ, ரெண்டு புள்ளி" என்று ஒரு குரல் வரும். கம்போங் செட்டியில் ஒரு குடும்பத்துக்கு ஏணிக் குறி. தலைமுறைகளாக மலாய் பேசி வந்த செட்டிகள் அவர்கள், தமிழ் வராது என்பதால், மரியாதையாக மலாயில் "தங்கா" என்று கூப்பிடுவார். தங்கா என்றால் ஏணி. அந்த வீட்டு அம்மாளும் திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு கட்டாகப் பன்னிரண்டு உருப்படி வந்தால் பன்னிரண்டும் சேர்ந்துதான் திரும்பிப் போகும். பதினொன்று தயாராக இருந்து ஒன்று பாக்கி என்றால், பதினொன்றும் அலமாரியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தச் சட்டத்தால் ஒரு மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்னால் துண்டோடு கடையில் காத்திருந்த கதை ஊரறிந்தது. பட்டு வேட்டியும் ஜிப்பாவும் தயார். ஒரு கைக்குட்டை மட்டும் ஈரம். கைக்குட்டையே வேண்டாம் என்று மாப்பிள்ளை கெஞ்சினார். "கட்டு முழுசாகாம போகாது தம்பி" என்று சொல்லிவிட்டு ஊறுது வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மாப்பிள்ளையே கைக்குட்டையை உயரப் பிடித்து விசிறிக் காயவைத்து, ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். தாலி கட்டும்போதும் அவர் கை கைக்குட்டை விசிறுகிற மாதிரியே ஆடியதாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் சீனியர் கோட்டு இருந்தது.

ஜப்பான்காரன் வருகிறான் என்று எல்லோரும் ஓடிய நாளில், யாரோ ஒரு துரை வெளுக்கப் போட்டுவிட்டுத் திரும்பி வராத கோட்டு அது. நல்ல கறுப்பு. ஆறடி ஆளுக்குத் தைத்தது. ஊறுது அதை விற்கவும் இல்லை, தாம் போடவும் இல்லை. ஆனால் போடாத துணியைப் பூச்சி தின்றுவிடும் என்று சொல்லி, ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு முடித்து, சீனியர் சோதனையில் தேறிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. ஆனால் அவரும் கூட வருவார். பெக்கா என்கிற மூன்று சக்கர ரிக்ஷாவில் ஒரு பக்கம் கோட்டு, மறுபக்கம் கங்கு நிறைந்த இஸ்திரிப்பெட்டி, நடுவில் அவர். தேறிய பிள்ளை பெக்காவுக்குப் பின்னால் நடந்து வர வேண்டும்.

நம் பிள்ளைகள் எல்லாம் முருங்கைக்காய் உடம்பு. ஆறடிக் கோட்டுக்குள் போனால் ஆளையே தேட வேண்டும். அதனால் ஊறுது முதுகுப்பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, கொடியில் போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிடுவார். முன்னால் பார்த்தால் பாரிஸ்டர். பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி. இடுப்புக்குக் கீழே பெரும்பாலும் சாரோங்தான். படத்தில் அது விழாது. காஜா பெராங்கில் எத்தனையோ வீட்டுச் சுவரில் வேறு வேறு முகங்கள் ஒரே கோட்டில் தொங்கின.

சோதனை தொடங்கும் நாள் காலையில் நாங்கள் அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, ஒரு நிமிடம் கோட்டை மாட்டி, எத்தனை கிளிப்பு வேண்டும் என்று அளவு பார்ப்பார். ஆள் தடிமனாக இருந்தால் மூன்று கிளிப்பு. எனக்குப் பதினொன்று. சீனியர் கோட்டு மாட்டிய முதல் பெண் நான்தான். பாவாடை தாவணிக்கு மேல் கோட்டு சரிவருமா என்று அவர் ஒருகணம் யோசித்தார். பிறகு, கோட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மாட்டிவிட்டார்.

விடைத்தாள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போய், முடிவு பத்திரிகையில் எண்களாக வர மூன்று மாதம் ஆனது. சுதந்திரம் வரப்போகும் வருடம். ஊரெல்லாம் ஒரே உற்சாகம். பத்திரிகையில் என் எண்ணுக்கு முந்திய எண் இருந்தது, பிந்திய எண்ணும் இருந்தது. நடுவில் நான் இல்லை. கணக்கு என்னைக் கைவிட்டிருந்தது. அதுவரை அந்தக் கோட்டை அளவு பார்த்த யாரும் தோற்றதில்லை. அந்தப் பெருமையும் எனக்கே கிடைத்தது.

அப்பா ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதிகம் பேசமாட்டார். கணக்கு வராத பெண்ணுக்கு வரன் வரட்டும் என்று சொல்லிவிட்டார். குருபோங் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தூரத்து உறவுக்காரப் பையனைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. எனக்கோ ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும். அதற்குச் சீனியர் வேண்டும். தனியாக இன்னொரு முறை எழுதலாம், ஆனால் விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அந்தப் பேச்சை நான் எடுத்தாலே அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

இதற்கிடையில் தெருவில் யாராவது, கிராணி மகள் சீனியர் என்னவாயிற்று என்று கேட்டால், கடைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஊறுது."

என் மானம் போயிற்று. தோற்றுப் போனாள் என்று சொன்னால்கூட ஒருநாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் தினமும் ஊறவைத்தார். ஒருநாள் கோபத்தோடு கடைக்குப் போய், நான் பெயில், ஊரெல்லாம் தெரியும், எதற்கு இந்தக் கேலி என்று கத்தினேன். அவர் கோட்டை எடுத்து உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிற உள்துணி முழுக்கக் குறிகள். ஏணி, முக்கோணம், பெருக்கல், பிறை. அதுவரை கோட்டு போட்ட எல்லா வீடும் அங்கே இருந்தது. கடைசியில் ஒரு வட்டம், இரண்டு புள்ளி.

தேறியவர்களுக்குத்தானே இது, எனக்கு ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"துணி வரும்போதே குறி போடணும், பாப்பா. வெளுத்த பிறகு போட்டா யாரு துணின்னு எப்படித் தெரியும்?"

அதாவது, அவர் எல்லோருக்கும் சோதனை தொடங்கும் நாளன்றே குறி போட்டுவிடுவார். அளவு பார்ப்பதெல்லாம் அதற்குத்தான். இத்தனை வருடத்தில் முடிவு வந்த பிறகு போட்ட குறி ஒன்றுகூட அந்த உள்துணியில் இல்லை. சேங்கொட்டைக் குறி போகாது. எனவே நான் தேறியே ஆக வேண்டும். அவருடைய தொழில் கணக்கு அப்படி. என் கணக்கை விட அது உறுதியாக இருந்தது. கோபத்தோடு போனவள் அழுதுகொண்டே திரும்பினேன்.

ஆகஸ்டு வந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம். நான் தாளை நீட்ட, அப்பா "பார்க்கலாம்" என்று மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்தார். பார்க்கலாம் என்றால் எங்கள் வீட்டில் பார்க்க மாட்டேன் என்று பொருள். அந்தக் கால்சட்டை மறுநாள் அழுக்குக் கட்டோடு ஊறுதுவிடம் போய்விட்டது. அதே கட்டில் அப்பாவின் வெள்ளை உடுப்பும் போயிற்று. மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாளில், பாடாங் திடலுக்கு அலுவலகத்தார் எல்லோரும் வெள்ளையில் வர வேண்டும் என்று உத்தரவு. அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை உடுப்பு.

விழாவுக்கு முந்தின நாள், கட்டைத் தூக்கிவர என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா கடைக்குப் போனார். கடை நிறையக் கூட்டம். எல்லோருக்கும் வெள்ளை அவசரம். அப்பா வாய் திறக்கும் முன்பே ஊறுது, "ரெடி, கிராணி ஐயா" என்றார். சரித்திரத்தில் முதல் தடவை. அலமாரியில் அப்பாவின் உடுப்பு பளபளவென்று இருந்தது. கால்சட்டை மடிப்பில் கத்தரிக்காய் நறுக்கலாம்.

"அப்ப எடுங்க."

"கட்டுல ஒரு உருப்படி பாக்கி இருக்கு, ஐயா."

எது பாக்கி என்று அப்பா கேட்டார். ஊறுது கோட்டை இறக்கி, உள்துணியைத் திருப்பி, எங்கள் வட்டத்தைக் காட்டினார். அது என் கோட்டே இல்லையே என்றார் அப்பா. கோட்டு உங்களுடையது இல்லை, குறி உங்களுடையது என்றார் ஊறுது. அப்பாவுக்கு முகம் சிவந்தது. அவள்தான் பெயிலாகிவிட்டாளே என்று கூட்டத்துக்கு முன்னால் உரக்கச் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

ஊறுது இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு தண்ணியில அழுக்குப் போகலன்னா துணியக் கிழிச்சா போடுறோம்? இன்னொரு தண்ணி அலசுவோம், ஐயா. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மேசைமேல் ஒரு தாளை வைத்தார். என் விண்ணப்பம். கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புப் போக இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பழக்க தோஷத்தில் கஞ்சியும் தெளித்திருப்பார் போல, தாள் அப்பளமாய் விறைத்து நின்றது.

அப்பா வேறு கடை, வேறு உடுப்பு என்று மனதில் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவந்தது முகத்தில் தெரிந்தது. எல்லாத் தையற்காரர்களிடமும் கொடி தைக்கும் வேலை. மெர்டேக்கா மறுநாள். வரிசையில் நின்ற ஏணிக் குறி அம்மாள் பொறுமை இழந்து, கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்கள், வீட்டில் அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று மலாயில் சொன்னார். அப்பா பேனாவை எடுத்தார். கஞ்சித் தாளில் பேனா வழுக்கியதால் இரண்டு முறை கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

வீட்டு வாசல் வந்ததும் அப்பா கேட்டார்.

"கணக்குக்கு டியூசன் வெக்கணுமா?"

மறுநாள் திடலில் அவர் உடுப்புதான் எல்லாவற்றிலும் வெள்ளை என்று பலர் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான்கு முறை சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் மறுபடி எழுதப் போனேன். காலையில் ஊறுது அளவு பார்த்தார். ஒன்பது கிளிப்பு. போன வருடத்துக்கு இரண்டு குறைந்திருக்கிறது, உடம்பு பரவாயில்லை என்றார். சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையில் என் எண் இருந்தது. அப்பா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நான் பெக்காவுக்குப் பின்னால் நடந்து ஸ்டூடியோவுக்குப் போனேன்.

புகைப்படக்காரச் சீனர், ஆடாதே என்று சைகை காட்டிய அந்த நொடியில், என் முதுகிலிருந்து ஒரு கிளிப்பு தெறித்துப் போய் ஊறுதுவின் நெற்றியில் பட்டது. அந்தக் காலத்தில் படத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் படத்தில் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. டீச்சர் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அத்தனை சிரிப்பு ஆகாது என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். பிறகு அந்தப் படத்தைத்தான் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார்.

கோட்டைக் கழற்றும்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. இப்போதுதானே உண்மையில் தேறினேன், புதிதாக ஒரு குறி போடுங்கள் என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே கிளிப்புகளை எண்ணினார்.

"அதான் போட்டாச்சே, ரெண்டு புள்ளி. ஒருத்தருக்கு ஒரு தடவதான்."

நான் பயிற்சிக்குப் போய், வேலைக்குப் போய், சில வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது அந்தக் கடையில் சைக்கிள் விற்றார்கள். ஊறுது காலமாகிவிட்டார் என்றார்கள். கோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பெயர் என்ன என்று விசாரித்தேன். அதுவும் யாருக்கும் தெரியவில்லை. நானும் அத்தனை வருடத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை; என் பெயரையும் அவர் கேட்டதில்லை. சைக்கிள் கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். ஊரே என்னைத் தோற்றவள் என்று சொன்ன அந்த ஒரு வருடத்தில், அப்படி ஒன்று நடந்ததாகவே ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான்.