ஹார்ட் டிஸ்க்குக்குப் போர்த்திய கம்பளி

குளிரில் வாடிய கணினிக்குக் கம்பளி போர்த்திய முதல் அரசு அலுவலகம் என்ற பெருமை, ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் நில மனு அலுவலகத்தையே சேரும். போர்த்தியவன் நான், அங்கே எழுத்தர்.

காணாமல் போன மனுக்களைப் பற்றி விசாரிக்கத் திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆள் வருவதாகத் தகவல். எனவே எங்கள் அதிகாரி தாண்டவராயன், 'தகவல் பாதுகாப்பு' கருதி, பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கை மீட்கவே முடியாதபடி அழிக்க வெள்ளிக்கிழமையே ஆணையிட்டார். வாணியம்பாடியிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் ஹம்மாத், ஆள் நிரப்பி வரும் ஷேர் ஜீப்பில் வந்தார்.

கட்டளையைத் தட்டினார். அழியவில்லை.

"'ஃப்ரோசன்'னு எர்ரர் வருது சார்."

"உறைஞ்சுபோச்சா? மார்கழிக் குளிராச்சே!" என்ற தாண்டவராயன் அவசரக் கூட்டம் கூட்டினார். காரசார விவாதத்துக்குப் பின், 'குளிரால் பாதிக்கப்பட்ட அரசு உடைமைக்கு' ஒரு கம்பளி ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது.

"குளிரு இல்ல சார்," என்றார் ஹம்மாத். "தெரியாம யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு மெஷினே போட்டுக்கிற பூட்டு. ஒருதபா தூங்க வச்சி எழுப்பினா தொறந்துக்கும்."

தூங்க வைப்பதில் எங்கள் அலுவலகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. எழுப்புவதுதான் புதிது.

அந்த நேரத்தில் நெல்லிவாசல்நாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து பெரியம்மாள் நடந்தே வந்து சேர்ந்தார். இது நான்காவது முறை.

"என் மனு இன்னா ஆச்சுங்க? தை பொறந்தா கொல்லைய வுட்டுப் போவணுமின்றாங்க. சாமை வெதைச்ச கொல்லைங்க."

"அப்படி ஒரு மனுவே வரலைம்மா," என்றேன், வழக்கமான கனிவோடு.

ஹம்மாத் கம்பளியை விலக்கினார். "அழிக்கிறதுக்கு முன்னாடி பாத்துடலாம்மா. பேரு இன்னா, ஊரு இன்னா?"

தேடினார். பிரிண்டர் முனகி ஒரு தாளைத் துப்பியது.

"தொழில்நுட்பக் கோளாறு!" என்று கத்தினார் தாண்டவராயன். மார்கழியிலும் அவருக்கு வியர்த்தது.

"கோளாறு இல்ல சார், ஸ்கேன் பண்ணி வச்ச மனு. இதுமாதிரி முந்நூத்திப் பன்னெண்டு இருக்குது. எல்லாத்துக்கும் காப்பி எடுக்காம நான் அழிக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க."

பெரியம்மாள் தாளை என்னிடம் நீட்டினார். "எனக்குப் படிப்பு இல்ல. படிச்சிச் சொல்லுங்க சார்."

பெயர், சர்வே எண், கொடுத்த தேதி எல்லாம் படித்தேன்.

"கீழ இன்னாவோ கிறுக்கியிருக்குதே?"

"மனுவ வாங்கினவர் கையெழுத்தும்மா."

"யாருங்க அது?"

"சரியாத் தெரியல."

ஹம்மாத் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார்.

"எனக்கு நல்லாத் தெரியுது சார்," என்றார்.