பன்றிக்கு அம்மை கண்ட கதை

நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி, கூப்பிடு தூரத்தில் ஒரு 'பாத்தாலே தெரியுது'க்காரர் இருப்பார். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, அவரே வந்துவிடுவார். உங்கள் மோட்டார் சைக்கிள் இருமினால் வருவார், உங்கள் பிள்ளை தும்மினால் வருவார், கூரை ஒழுகினாலும் வாழை குலை தள்ளாவிட்டாலும் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வருவார். வந்து, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரே ஒரு பார்வை. ஒரு கேள்வி கேட்கமாட்டார். "பாத்தாலே தெரியுதுலா!" தீர்ந்தது விஷயம். அதற்குப் பிறகு நீங்கள் வாயைத் திறந்தால் மரியாதை தெரியாத ஆள்.

சுங்கை புரோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயத்தின் கடைசி வீட்டில், இந்த இனத்தில் ஒரு முதல் தரமான பிறவி உண்டு. பெயர் உமாபதி. தோட்டத்துக்கென்று சொந்த ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் அதில் பதினோரு வருஷம் சர்வீஸ். என்ன சர்வீஸ் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஐயாவின் வேனை ஓட்டினார். ஐயா உள்ளே நாடி பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வெளியே வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வைத்தியம் ஜன்னல் வழியாகக் காற்றில் வந்து ஒட்டிக்கொண்டது என்பது அவருடைய கணக்கு. ஆஸ்பத்திரியை மூடி, கட்டடத்தில் உர மூட்டை அடுக்கிவிட்டார்கள். உமாபதியை மூட யாராலும் முடியவில்லை.

அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் திலகா. செரண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்து, முழங்கால் போனதும், "இனி யாரு மணியடிச்சும் நான் எந்திரிக்கமாட்டேன்" என்று சபதம் போட்டு வேலையை விட்டு வந்தவள். வந்த இடத்தில் நாலு பன்றி வளர்த்தாள். இப்போது தினமும் விடியுமுன்னே எழுந்திரிக்கிறாள், மணி கூட இல்லாமல். அந்த நாலில் மூத்தது பொன்னி. முதல் முறையாகச் சினைப்பட்டு, குட்டி போட இன்னும் மூன்று வாரம். திலகா அதன் வயிற்றைத் தடவி, உள்ளே எத்தனை இருக்கும் என்று தன் புருஷன் அர்ஜுனனிடம் தினமும் ஒரு எண்ணிக்கை சொல்வாள். செகிஞ்சான் நெல் ஆலைக்கு லோரி ஓட்டும் அர்ஜுனன், எதைச் சொன்னாலும் "ம்" என்பான். நல்ல மனுஷன்.

ஒரு திங்கட்கிழமை காலை, வாளிச் சத்தம் கேட்டும் பொன்னி எழுந்திரிக்கவில்லை. நன்றாகக் கவனியுங்கள், வாளிச் சத்தத்துக்கு எழுந்திரிக்காத பன்றி என்றால் அது சாதாரண விஷயமில்லை. மற்ற மூன்றும் தொட்டியில் முட்டி மோதிக்கொண்டிருக்க, இது மட்டும் மூலையில் தனியாகப் படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முதுகிலும் விலாவிலும் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. "ஐயோ, பொன்னி!" என்று திலகா கத்திவிட்டாள். அந்தச் சத்தம் உமாபதிக்கு எட்டாமல் இருக்குமா? பல் குச்சியோடு வந்துவிட்டார்.

இடுப்பில் கை. தலை சாய்ப்பு. ஒரு பார்வை.

"பாத்தாலே தெரியுதுலா தங்கச்சி. அம்மா வந்திருக்கா."

"யாரு அம்மாண்ணே?"

"மாரியாத்தாமா! அம்மை போட்டிருக்கு. பன்னிக்கு அம்மை போடுறதுன்னா சும்மாவா? ஆத்தா இடம் தேடி வந்திருக்கா. நீ குடுத்து வச்சவ!"

திலகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆறு வயதில் அம்மை கண்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவள் அவள். ஆத்தா பெயரை எடுத்தால் அதற்கு மேல் எதிர்வாதம் செய்ய அவளுக்கு நாக்கு வராது.

"காய்ச்சல் இருக்குமோண்ணே?"

அதற்கும் அவரிடம் கருவி இருந்தது. கோவிட் சமயத்தில் கோவில் வாசலில் வருகிறவர் போகிறவர் நெற்றியில் எல்லாம் காய்ச்சல் பார்க்கச் சுட்ட துப்பாக்கி. கோவில் கமிட்டி அதைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டது, அவர் மறக்கவில்லை. பொன்னியின் சேறு காய்ந்த நெற்றியில் ஒரு சுடு சுட்டார். முப்பத்தாறு புள்ளி இரண்டு. "பாத்தியா? உனக்கும் எனக்கும் இருக்கிறதுதான் அதுக்கும்!" என்றார். பன்றிக்கு முப்பத்தொன்பதுதான் சாதாரணம், அதையும் நெற்றியில் பார்க்கக்கூடாது என்ற சங்கதி வேன் ஜன்னல் வழியாக வந்திருக்கவில்லை.

அப்புறம் சட்டதிட்டங்கள் வந்தன. கொட்டகை வாசலில் வேப்பிலைத் தோரணம். பன்றிக்குக் கூழ், இளநீர். உடம்பெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூச வேண்டும். அதை அவரே தன் திருக்கையால் பூசினார், அதற்கு முன்னால் இலை ஒடிக்கப் போன இடத்தில் வேலிக் கம்பி ஆள்காட்டி விரலைக் கீறியதைக்கூடப் பொருட்படுத்தாமல். வீட்டில் தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது, புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் பாய். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "ஊசி மருந்துன்னு எதுவும் கிட்ட வரக்கூடாது. ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவா. அப்புறம் இந்த லயத்துல ஒரு வீடு மிச்சம் இருக்காது, சொல்லிட்டேன்."

லயம் முழுக்க வந்து பார்த்தது. சிலர் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் பன்றியிடம் மகளுக்கு வரன் கேட்டாள். மிளகாய்ச் சம்பல் இல்லாத கஞ்சியை மூன்றாவது வேளையாகக் குடித்த அர்ஜுனன்தான் முதல் தடவையாக "ம்" அல்லாத வேறு ஒன்றைச் சொன்னான்.

"ஏன் திலகா, அம்மை பன்னிக்குத்தானே? பத்தியம் எதுக்கு எனக்கு?"

இரண்டு நாள் இப்படிப் போனது. பொன்னி கூழைத் தொடவில்லை. எழுந்தால் பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டி, மறுபடி தொப்பென்று விழுந்தது. புதன்கிழமை காலை திலகா மஞ்சளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்தத் தடிப்புகளை முதல் தடவையாக உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாள். விரலால் தடவினாள். ஓரம் மேடு தட்டியது. அவள் உடம்பில் ஆத்தா வைத்துப்போன தழும்பு இன்னும் தோளில் உண்டு, உருண்டையாய், முத்துப்போல. இது உருண்டை இல்லை. நாலு மூலை. சீட்டுக்கட்டில் வரும் டைமண்ட் மாதிரி, ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று.

"அம்மை முத்துக்கு மூலை ஏது?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்ட பிறகு பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அர்ஜுனனின் லோரியிலேயே ஏறிச் செகிஞ்சான் தீவனக் கடைக்குப் போனாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே படத்தைப் பெரிதாக்கினார். அவர் சிரித்துக்கொண்டிருந்த மனிதர். சிரிப்பு நின்றது. "சூசா லா, அம்மா, ரொம்பக் கஷ்டம்" என்று தன் தமிழில் சொல்லி, மிருக டாக்டர் ஷர்மினியின் நம்பரை எழுதிக் கொடுத்தார். போவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். திலகா கழுவினாள்.

மத்தியானம் டாக்டர் வந்தாள். சின்னப் பெண், முட்டி வரை ரப்பர் பூட்ஸ். கொட்டகை வாசலில் தோரணத்துக்குக் கீழே உமாபதி குறுக்கே நின்றார். அவருக்குப் பின்னால் பாதி லயம்.

"ஆத்தா இருக்கிற இடம்மா இது. ஊசியோட உள்ள போகாதீங்க."

டாக்டர் திலகாவைப் பார்த்தாள். எல்லோரும் திலகாவைத்தான் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊசி போடாவிட்டால் பொன்னியும் போகும், வயிற்றில் இருப்பதும் போகும். போட்டும் பொன்னி செத்தால்? திலகா ஆத்தாவை விரட்டிக் கொன்றவள் ஆகிவிடுவாள். அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த லயத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் அவள்தான் காரணம். உள்ளேயிருந்து பொன்னி முனகியது கேட்டது.

"ஆத்தா கோவிச்சா என்கிட்ட கோவிச்சுக்கட்டும்ணே. பெத்தவதானே அவளும். தள்ளி நில்லுங்க."

டாக்டர் வெப்பமானியை வைக்க வேண்டிய இடத்தில், வால் பக்கம், வைத்தாள். நாற்பத்தொன்று புள்ளி ஐந்து. தடிப்பைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், காலை மடக்கிப் பார்த்தாள், எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டாள், ரத்தம் எடுத்தாள்.

"என்னா நோய் டாக்டரம்மா?"

"ஒண்ணு இருக்குன்னு சந்தேகப்படுறேன்கா. ஆனா பாத்த உடனே சொல்லிட முடியாது. வேற மோசமான காய்ச்சலும் இப்படிச் செவக்க வைக்கும், ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும். ரிசல்ட் வர வரைக்கும் ஒரு பன்னியும் வெளிய போகக்கூடாது, இதைத் தனியா வைங்க. ஊசிக்கு மட்டும் காத்திருக்க நேரமில்ல. இன்னைக்கு ஒண்ணு, தொடர்ந்து மூணு நாள். இன்னொண்ணு, யாரு தொட்டாலும் கையுறை போடுங்க. கையில கீறல் இருந்தா மனுஷனுக்கும் தொத்தும்."

உமாபதிக்கு வெற்றிப் புன்னகை. "கேட்டுக்கிட்டீங்களா? அஞ்சு வருஷம் படிச்சவங்களுக்கே பாத்தாத் தெரியலையாம்!"

டாக்டர் ஊசியைப் போட்டாள். திலகா பொன்னியின் காதைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வாளியை எடுத்தாள். வேண்டுமென்றே மெதுவாக வைத்தாள், பொன்னி எழாமல் போனாலும் சத்தம் பத்தவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? தனிக் கொட்டிலிலிருந்து ஒரு உறுமல். பொன்னி நின்றுகொண்டிருந்தது, ஒரு காலைத் தூக்கியபடி, மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி. திலகா அங்கேயே சாணிச் சகதியில் உட்கார்ந்து அழுதாள். அர்ஜுனன் வந்து பார்த்துவிட்டு, "அப்போ இன்னைக்குச் சம்பல் உண்டுதானே?" என்றான்.

உமாபதி அசரவில்லை. இந்த இனம் அசராது. "மூணாம் நாளு ஆத்தா எறங்குவான்னு நான் மொதல்லயே கணக்குப் போட்டேன். ஊசியெல்லாம் சும்மா ஒரு சாக்கு" என்று தண்ணீர்க் குழாயடியில் பிரசங்கம் செய்தார். ரத்த ரிசல்ட் வந்தது, அந்த மோசமான காய்ச்சல் இல்லை. பொன்னி குட்டி போட்டது, எட்டு. ஒன்று அன்றைக்கே போய்விட்டது. பொன்னியின் பின்னங்கால் இன்னும் நேராகவில்லை. இரண்டு நாள் முன்னால் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை நேராகியிருக்கும் என்றாள் டாக்டர். திலகா அந்த இரண்டு நாளை நினைக்கும்போதெல்லாம் தன் மேலேயே கோபப்படுகிறாள்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஊசி போட்ட மூன்றாம் நாள் காலை உமாபதி தன் வீட்டு வாசலில் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கீறிய இடத்தைச் சுற்றி ஊதாச் சிவப்பாய் வீக்கம், விண்விண்ணென்று தெறிக்கிறது. அவர் மனைவி ரமணி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். திலகா வந்தாள். இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். தலையைச் சாய்த்தாள்.

"பாத்தாலே தெரியுதுண்ணே. ஆத்தா வந்திருக்கா. ரமணிக்கா, வேப்பிலை ஒடிங்க. தாளிக்காதீங்க. ஊசி மட்டும் கிட்ட வரவே கூடாது."

அவள் பேசி முடிக்கவில்லை. உமாபதியின் மோட்டார் சைக்கிள் தஞ்சோங் காராங் கிளினிக் பக்கம் பறந்துவிட்டது. ஹெல்மெட்கூடப் போடவில்லை. போன வேகத்தில் கொட்டகைத் தோரணம் ஆடியது.

நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பொன்னிக்கு வந்தது இன்ன நோய் என்று டாக்டர் கடைசிவரை பெயர் சொல்லவில்லை, இந்தக் கதையிலும் எங்கேயும் இல்லை. நீங்கள் பொன்னியைத் தொட்டதில்லை, அதன் வால் பக்கம் போனதில்லை, ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததில்லை. இருந்தாலும் அந்தச் சிவப்புத் தடிப்பு வந்த இடத்திலேயே மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டீர்கள், இல்லையா? கையை இடுப்பிலிருந்து எடுங்கள், பார்த்தாலே தெரிகிறது.